மிச்சத் துணியில் மிஞ்சும் வரலாறு

துணி தைக்கிற வீட்டில் மிச்சத் துணி சேராமல் இருக்காது. கழுத்து வெட்டியதில் விழுந்த அரைவட்டம், கைக்குழி வளைத்தபோது ஒதுங்கிய பிறை, பாவாடை நீளம் போக மிஞ்சிய நாலு விரல் பட்டை. எதற்கும் ஆகாது என்று தெரிந்தும் தைத்தவருக்கு எறிய மனம் வராது. அமெரிக்கக் குடும்பங்களில் அந்தத் துண்டுகள் போய்ச் சேர ஓர் இடம் உண்டு. கில்ட் என்று அங்கே வழங்கும் ஒட்டுத்துணிப் போர்வைதான் அது. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் முழுத்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க நெடுகிலும் ஓட்டுத் தையல். வீட்டாருக்குத் தைத்த உடுப்புகளின் மிச்சத்தைப் பொறுக்கி எடுத்து அப்படி ஒரு போர்வை செய்தால் அதை நினைவுப் போர்வை என்கிறார்கள்.

இதைப் பற்றிக் கலை வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள், பெண்ணிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், அருங்காட்சியகங்கள் கண்காட்சிகள் நடத்தியிருக்கின்றன, கதைகள்கூட உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நினைவைச் சுமப்பது துணியா, அல்லது துணியைத் தொட்டுக் காட்டி “இது உன் பெரியம்மா கல்யாணத்துக்குத் தைத்தது” என்று சொல்லும் வாயா? அந்த வாய் ஓய்ந்த பிறகு போர்வையில் என்ன இருக்கும்? கிடைக்கிற சான்றுகள் ஒரே பக்கம் சாய்கின்றன என்பது என் எண்ணம். அதை இந்தக் கட்டுரையில் காட்ட முயல்கிறேன்.

வெட்டினால்தான் மிச்சம்

சேலையிலும் வேட்டியிலும் மிச்சம் கிடையாது. தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்துகிறோம். கத்தரிக்கு அங்கே வேலை இல்லை. அதனால் நம் நாட்டின் பழைய தையல் போர்வைகள் பலவற்றில் முழுத்துணியே மூலப்பொருள். வங்காளத்துக் காந்தாவில் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் நெருக்க நெருக்கத் தைப்பார்கள். பிகாரின் முசாபர்பூர் வட்டாரத்துச் சுஜனியும் மராட்டியத்துக் கோதடியும் அதற்கு உறவு. சிறு துண்டு சேர வேண்டுமானால் வெட்டித் தைத்த உடுப்பு வேண்டும். உடம்பு வளைவானது, துணி தட்டையானது. தட்டையை வளைவுக்கு இணங்க வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் கத்தரி எதையாவது உதிர்க்கும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மூன்று காரியங்கள் கூடிவந்தன. ஆலையில் அச்சிட்ட பருத்தித் துணி மலிந்தது. ஐசக் சிங்கர் 1851இல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அவர் நிறுவனம் தவணைக்கு மெஷின் கொடுக்க ஆரம்பித்தது. 1863இல் எபனேசர் பட்டரிக் வெவ்வேறு அளவுகளில் காகித மாதிரிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாதிரியைத் துணிமேல் விரித்துக் கோடு போட்டு வெட்டினால் போதும். இந்த மூன்றும் சேர்ந்ததும் வீட்டிலேயே உடுப்பு தைப்பது சாதாரணக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. அடுத்த நூறாண்டுகளுக்கு அந்த வீடுகளில் மிச்சத் துணிக்குப் பஞ்சமே வரவில்லை.

ஒட்டுத்துணிப் போர்வை வறுமையில் பிறந்த கலை என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் பிடித்த விளக்கம். அது பாதிதான் உண்மை. துணி விலை கூடுதலாக இருந்த காலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை வசதியானவர் வீட்டுப் பொருள். இங்கிலாந்தில் தப்பிப் பிழைத்த ஒட்டுத்துணி வேலைப்பாடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று கம்ப்ரியாவின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. 1708ஆம் ஆண்டு வாக்கில் செய்ததாகக் கருதப்படும் அதன் துண்டுகள் இந்தியாவிலிருந்து போன வண்ணச்சீட்டித் துணிகள். சோழமண்டலக் கரையும் குஜராத்தும் அந்தத் துணிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பிய காலம் அது. உள்நாட்டு நெசவாளர் எதிர்ப்பால் இங்கிலாந்து 1700இல் அவற்றின் இறக்குமதிக்கும், 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிகளின் உபயோகத்துக்கும் தடை போட்டது. கிடைப்பதற்கரிய துணியின் உள்ளங்கை அகலத் துண்டைக்கூட அந்நாளில் எவரும் வீணாக்கவில்லை.

வறுமைக்குப் பொருந்தும் அத்தியாயம் 1920களிலிருந்து 1940கள் வரை நீண்டது. மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்து அமெரிக்க நாட்டுப்புறப் பெண்கள் குழந்தைகளுக்குக் கவுன் தைத்தார்கள். இதைக் கவனித்த சாக்கு உற்பத்தியாளர்கள் பூப்போட்ட, கட்டம் போட்ட துணியிலேயே சாக்குகளைத் தைத்து விட்டார்கள். கம்பெனிப் பெயரைத் துவைத்தால் போகிற மையில் அச்சிட்டார்கள். 100 பவுண்டு தீவனச் சாக்கைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கிடைக்கும். ஓர் ஆளுக்கு உடுப்பு வேண்டுமென்றால் ஒரே பூவில் இரண்டு மூன்று சாக்கு வேண்டும். ஆகவே தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் மாதிரித் துண்டைக் கொடுத்தனுப்புவார்கள். அந்தச் சாக்குத் துணியின் மிச்சம் இன்றும் பல குடும்பப் போர்வைகளில் இருக்கிறது. அந்தக் காலத்து அச்சு வகைகளைக் கண்டறிவது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

உடுத்தியவரும் தைத்தவரும்

நினைவுப் போர்வைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஒன்று, உடுத்திய துணியில் தைத்தது. மற்றது, உடுத்தாத மிச்சத்தில் தைத்தது.

முதல் வகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட். அலபாமா ஆறு கொக்கி போல வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இந்தச் சிற்றூரில், முன்பு பருத்திப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோர் வாழ்கிறார்கள். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே இன்றும் அங்கே பலருக்குப் பெயர். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல், கணவர் இறந்த பின் அவருடைய வயல்வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு அதற்கடியில் படுத்துக்கொள்ளவும் அம்மா அப்படிச் செய்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். உடுப்புகளைப் பிரித்துக் கொடுத்து உதவியவரும் அந்த மகள்தான்.

இந்த ஊரின் டெனிம் போர்வைகளை அருகில் வைத்துப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். கால்சட்டையின் முழங்கால் பக்கம் வெளுத்துச் சாம்பலாக இருக்கும். அதன் நடுவிலோ ஓரத்திலோ கருநீலச் சதுரம் ஒன்று புத்தம் புதிதாக நிற்கும். பை பிரித்தெடுத்த இடம் அது. டெனிமின் நெடுக்கு நூலில் அவுரிச் சாயம் மேலோடு மட்டுமே படியும். உள்ளே நூல் வெள்ளையாகவே இருக்கும். வெயிலும் வியர்வையும் உரசலும் மேற்சாயத்தைத் தேய்க்க, பைக்கு அடியில் ஒளிந்திருந்த இடம் மட்டும் கடையில் வாங்கிய நாளின் நிறத்தோடு தப்பிவிடுகிறது. எங்கே மண்டியிட்டார், எதைப் பையில் வைத்துத் திரிந்தார் என்று ஒரு மனிதர் உழைத்த வாழ்நாள் அதில் பதிந்திருக்கிறது. இங்கே துணி தானே பேசுகிறது என்று சொல்லத் தோன்றும்.

இரண்டாம் வகை வேறு மாதிரி. வெட்டியதில் மிஞ்சிய துண்டு எவர் உடம்பிலும் ஏறியதில்லை. அது வெயில் பார்க்கவில்லை, துவைகல் பார்க்கவில்லை. உடுப்பு கிழிந்து, தம்பிக்குப் போய், பிறகு தரைதுடைக்கும் துணியாகி அழிந்த பிறகும், அதே துணியில் பிறந்த இந்தத் துண்டு முதல் நாளின் சிவப்போடு இருக்கும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தன் ஆறாம் வகுப்புக் கவுனின் நிறத்தை அதில் கண்டு திகைப்பது இதனால்தான். அவர் நினைவில் இருந்தது வெளுத்துப்போன கவுன். போர்வையில் இருப்பது அதன் அசல்.

இன்னொன்றும் உண்டு. உடுத்திய துணி உடுத்தியவரைச் சொல்கிறது. மிச்சத் துணியோ தைத்தவரைச் சொல்கிறது. எந்தக் கடையில் எடுத்தார், எவ்வளவு சிக்கனமாக மாதிரியை வைத்து வெட்டினார், எந்தப் பண்டிகைக்கு முன்னிரவில் யார் யாருக்கெல்லாம் ஒரே துணியில் தைத்தார் என்பதெல்லாம் அவர் கையோடு சேர்ந்த விவரம். வீட்டில் நடந்த பெண் உழைப்புக்குப் பில் கிடையாது, சம்பளப் பட்டியல் கிடையாது. கணக்கென்று எதுவும் இருந்தால் அது இந்த வெட்டுத்துண்டுகள்தாம். அப்பாவின் சட்டையில் செய்த போர்வையைவிட, அம்மாவின் கத்தரி உதிர்த்த துண்டுகளில் செய்த போர்வையை நான் அரிய ஆவணமாக நினைப்பதற்கு இதுவே காரணம்.

ஜீஸ் பெண்டிலேயே இதற்கும் சான்று இருக்கிறது. 1966இல் அங்கும் அக்கம்பக்கத்திலும் பெண்கள் ஃப்ரீடம் கில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் ரோபக் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. நிறுவனம் கேட்டபடி ஒரே அச்சில் உறைகள் போயின. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் பெண்களோடு வீட்டுக்குப் போயின. அந்தப் பழுப்பும் பச்சையும் தங்கநிறமும் சேர்ந்து அவரவர் இஷ்டத்துக்குப் போர்வைகளாயின. 1970களில் அந்த ஊர்ப் பெண்கள் என்ன கூலி வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தப் போர்வைகளைவிடத் துல்லியமான பதிவு வேறில்லை.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்தாரின் கவண்டி என்ற தையல் போர்வையையும் முதல் வகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க வழிவந்த அந்தப் பெண்கள் பழைய உடுப்புத் துண்டுகளை ஓரத்தில் வைத்துத் தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் ‘பூல்’ என்கிற பூவை வைப்பார்கள். பூ இல்லாத கவண்டி அம்மணமாக இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வீட்டில் எத்தனை துணி இருக்கிறதோ அத்தனையும் அதில் வந்துவிடும்.

சுவரிலா, கட்டிலிலா

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டர் ஹூஃப் இருவரும் சேகரித்தவை அவை. நவீன அரூப ஓவியங்களைப் பார்க்கிற கண்ணால் இவற்றைப் பாருங்கள் என்பதுதான் கண்காட்சியின் வேண்டுகோள். கூட்டம் வந்தது, மதிப்பு கூடியது, போர்வை கலைப்பொருள் ஆனது. ஆனால் வடிவத்தையும் நிறத்தையும் வைத்துத் தேர்ந்த அந்தப் போர்வைகளில் தைத்தவர் யார், எந்தத் துணி, யாருக்காக என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. இரண்டாண்டு கழித்துக் கலை வரலாற்றாளர் பட்ரீசியா மைனார்டி எழுதிய கட்டுரை இதைக் கேள்வி கேட்டது. தங்கள் வேலை இன்னதென்று பெண்கள் அறிந்தே செய்தார்கள், பல போர்வைகளில் பெயரும் ஆண்டும் தைத்தே வைத்தார்கள். அதைப் பெயரற்ற நாட்டார் கலை என்று ஒதுக்குவது தவறு என்றார்.

அதே 1973இல் ஆலிஸ் வாக்கரின் ‘எவ்ரிடே யூஸ்’ சிறுகதை வந்தது. பாட்டியின் பழைய கவுன்கள், தாத்தாவின் சட்டை, உள்நாட்டுப் போரில் போன முன்னோரின் சீருடைத் துணுக்கு எல்லாம் சேர்ந்த போர்வைகள் யாருக்கு என்பதில் அக்கா தங்கைக்கிடையே வருகிற பிணக்குதான் கதை. படித்துப் பட்டணம் போன மகள் சுவரில் மாட்டக் கேட்கிறாள். வீட்டோடு இருக்கும் மகளுக்குக் கல்யாணத்தன்று கொடுப்பதாக அம்மா வாக்களித்திருக்கிறாள். அவளோ தினம் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்பது மூத்தவளின் குறை. போர்வை கிழிந்தால் என்ன, இவளுக்குத் தைக்கத் தெரியுமே என்ற இடத்தில் அம்மா நிற்கிறாள். கைவேலை கையோடு இருக்கும் வீட்டில் போர்வை அழிந்தாலும் மரபு அழியாது. கைவேலை நின்றுபோன வீட்டில் அந்தப் போர்வையே கடைசி என்றால் மூத்தவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்றைய குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவது நிலையில்தான் இருக்கின்றன. என்றாலும் போர்த்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மடித்து மூடிய போர்வையைப் பற்றிப் பிள்ளைகள் எதுவும் கேட்க மாட்டார்கள், மேலே கிடக்கிற போர்வையைத்தான் விரலால் தடவி “இது யாருது?” என்பார்கள்.

2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் காட்சிக்கு வந்தபோது, முப்பது ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் தெரிந்தது. இம்முறை ஒவ்வொரு போர்வைக்கும் தைத்தவர் பெயரும் ஆண்டும் கதையும் இருந்தன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளைத் தபால்தலையாக வெளியிட்டது. பெயர் வந்தபின் வருமானம் யாருக்கு என்ற வழக்கும் 2007இல் வந்தது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. சுவரில் மாட்டுவதால் மட்டும் நினைவு கெட்டுவிடுவதில்லை. பெயரைக் கழற்றிவிட்டு மாட்டினால்தான் கெடுகிறது.

சீட்டு குத்திய துணி

துணி தானே பேசுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் பதிவேடுகளில் இருக்கிறது. வளர்க்க வழியற்ற தாய்மார் கைக்குழந்தைகளை ஒப்படைத்த இல்லம் அது. 1741 தொடங்கிய அதன் பதிவேடுகளில், குழந்தைக்கு ஓர் எண் கொடுத்து, அது உடுத்தியிருந்த துணியிலிருந்தோ தாய் கொடுத்ததிலிருந்தோ ஒரு துண்டை வெட்டிச் சீட்டோடு குத்தி வைத்தார்கள். பின்னாளில் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்காக. அப்படி ஐயாயிரம் துண்டுகள் அளவில் இன்றும் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் 2010இல் அவற்றைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தினார். 18ஆம் நூற்றாண்டு ஏழைப் பெண்கள் என்ன துணி உடுத்தினார்கள் என்பதற்கு இவ்வளவு பெரிய தொகுப்பு பிரிட்டனில் வேறு இல்லை.

அதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 1767 பிப்ரவரியில் சேரா பெண்டர் என்ற தாய் தன் மகனை விட்டுச் சென்றார். பலவகை அச்சுத் துணுக்குகளை இணைத்து ஒரு சிறு ஒட்டுத்துணிப் பட்டை தைத்திருந்தார். அதன்மேல் சிவப்பு நூலில் ஓர் இதயம். இதயத்தின் நடுவே பட்டையை வெட்டி, ஒரு பாதி இல்லத்தின் சீட்டோடு போனது, மறுபாதி அவரிடம் இருந்தது. 1775 ஜூனில் அவர் திரும்பி வந்து மகனை மீட்டுக்கொண்டார். அந்த இல்லத்தில் விட்ட குழந்தைகளில் மீண்டவர் மிகச் சிலரே. பட்டையை இன்று பார்க்கிற எவர் மனமும் இளகும். ஆனால் அந்தத் துணியை அந்தப் பிள்ளையோடு சேர்த்தது பதிவேட்டின் எண். எண் இல்லாமல் கிடைத்திருந்தால் அது வெறும் கிழிசல்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஹேரியட் பவர்ஸ் கதையும் இதையே காட்டுகிறது. 1837இல் அடிமையாகப் பிறந்த அவர், விடுதலைக்குப் பின் விவிலியக் காட்சிகளைத் துணி வெட்டி ஒட்டித் தைத்த போர்வை 1886இல் ஏதென்ஸ் நகரின் பருத்திச் சந்தையில் காட்சிக்கு இருந்தது. ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் குடும்பத்தில் பணமுடை வந்து, பத்து டாலர் கேட்டு, கடைசியில் ஐந்து டாலருக்குக் கொடுக்க நேர்ந்தது. கொடுக்கும்போது பதினொரு கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி இன்னது இன்னதென்று விளக்கினார். ஸ்மித் அதை எழுதி வைத்தார். விற்ற பிறகும் தன் போர்வையைப் பார்க்கப் பவர்ஸ் சில தடவை வந்து போனாராம். போர்வை இன்று ஸ்மித்சோனியனில் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பாதிக் கட்டங்களுக்கு நாம் தப்பும் தவறுமாகப் பொருள் சொல்லிக்கொண்டிருப்போம்.

அப்படித் தவறாகச் சொன்னதும் நடந்திருக்கிறது. 1999இல் வெளிவந்த ‘ஹிடன் இன் ப்ளெய்ன் வியூ’ என்ற நூல், தப்பியோடிய அடிமைகளுக்குப் போர்வை வடிவங்கள் ரகசிய வழிகாட்டியாக இருந்தன என்று எழுதியது. மனதைத் தொடும் கதை, பள்ளிக்கூடங்கள்வரை பரவிவிட்டது. தப்பி வந்தவர்கள் விட்டுச்சென்ற ஏராளமான வாக்குமூலங்களில் அதற்குச் சான்றில்லை என்றும், சொல்லப்படும் வடிவங்களில் சில காலத்தால் பிந்தியவை என்றும் வரலாற்றாசிரியர்கள் காட்டினார்கள். பேச ஆளில்லாத துணிக்கு அடுத்த தலைமுறை தன் ஆசைக்கேற்ற நினைவைத் தைத்துக் கொடுத்துவிடுகிறது. குடும்பப் போர்வைகளிலும் இது நடக்கும்.

இந்த ஆபத்தை முன்கூட்டி உணர்ந்தவர்கள் பெயரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கென்டக்கியின் எலிசபெத் ரோஸ்பெரி மிட்செல், இரண்டு மகன்களைப் பறிகொடுத்த பின் 1843 வாக்கில் தைத்த போர்வையின் நடுவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஓரத்தில் குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயரிலும் துணியில் வெட்டிய சவப்பெட்டி. இறந்தவர் பெட்டியை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் தைத்துவிடலாம். கலங்க வைக்கும் பொருள்தான், ஆனால் யார் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1942இல் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள் மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரம், சதுரத்தில் தைத்தவர் பெயர். தாங்கள் உயிரோடிருப்பதை வேறு முகாமில் இருந்த கணவன்மார்க்குத் தெரிவிக்க அவர்களுக்கு இருந்த வழி அது. அதே சிறையில் சிறுமியர் தங்கள் பழைய கவுன் துணுக்குகளை அறுகோணமாக வெட்டி, பெயர் பின்னி, சாரணத் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாகத் தைத்த போர்வை லண்டனின் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்கான எய்ட்ஸ் நினைவுப் போர்வைக்குத் தொடக்கமே அவர்கள் பெயர்கள்தாம். கிளீவ் ஜோன்ஸ் முன்னெடுத்த அந்தப் போர்வை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் பெருவெளியில் 1,920 பலகைகளோடு முதன்முதலாக விரிந்தது. ஒவ்வொரு பலகையும் 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழியின் அளவு. அதுவரை ஊசி தொட்டிராதவர்கள்கூட நண்பனின் சட்டையையும் ஜீன்ஸையும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இன்று ஏறத்தாழ ஐம்பதாயிரம் பலகைகள், 54 டன் எடை. உலகத்தின் மிகப் பெரிய நினைவுப் போர்வை இதுதான்.

1981இல் கென்டக்கியில் தொடங்கிய போர்வை ஆவணத் திட்டத்தையும் மறக்கக் கூடாது. ஊர் ஊராக நாள் குறித்து, வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவரச் சொல்லி, படம் எடுத்து, கொண்டுவந்தவரிடம் கதை கேட்டு எழுதினார்கள். மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. போர்வை வீட்டிலேயே இருக்க, பதிவு மட்டும் பொதுவுக்கு வந்தது. அருங்காட்சியகம் வாங்கி வைப்பதைவிட இது நல்ல வழி என்று நினைக்கிறேன்.

துணியின் ஆயுள்

நினைவு நீடிக்க வேண்டுமென்றால் துணியும் நீடிக்க வேண்டும். எல்லாத் துணியும் ஒன்றுபோல் நீடிப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டுப் போர்வைகளில் பழுப்பும் கறுப்பும் மட்டும் உதிர்ந்து ஓட்டையாகியிருப்பதைக் காணலாம். சாயம் பிடிக்கச் சேர்த்த இரும்பு உப்பு நூலை அரித்துவிடுகிறது. பட்டில் இன்னொரு கோளாறு. பசை நீக்கும்போது குறைகிற எடையை ஈடுகட்ட உலோக உப்பு ஏற்றிய பட்டுகள் நூறாண்டுக்குள் கண்ணாடி போல நொறுங்குகின்றன. 1880களில் பிரபலமான பட்டு ஒட்டுப் போர்வைகள் பல அந்த நிலையில்தான் கிடைக்கின்றன. 1950களின் கடைசியில் நம்மூரிலிருந்து அமெரிக்கா போன மெட்ராஸ் கட்டம், சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விற்ற துணி; அதன் மிச்சம் ஒன்று வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் துவைப்பிலேயே போர்வை கறையாகும். 1970களின் பாலியெஸ்டர் மட்டும் எதற்கும் அசையாமல் இருக்கிறது.

ஆகவே தைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே நனைத்துச் சாயமும் சுருக்கமும் பார்த்துவிட வேண்டும். பனியன் துணி இழுபடும். இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் பின்துணி கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். தைத்து முடித்ததைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தால் மடிப்போரம் இற்றுப்போகாது.

நம் வீடுகள்

நம்மிடம் இந்த வழக்கம் இல்லாமல் போனதற்குக் காரணங்கள் தெரிந்தவைதாம். உடுப்பில் பாதி தைக்காத உடுப்பு. பழைய துணி பிறந்த குழந்தைக்கு விரிப்பாகும், சேலை தூளியாகும், பிறகு கரித்துணியாகும். மிஞ்சியது பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் போய் எவர்சில்வர் டம்ளராகும். இறந்தவர் துணியை வீட்டில் வைக்கத் தயங்கும் வழக்கமும் பரவலாக உண்டு. ஆனால் அந்தத் தயக்கம் எதுவும் மிச்சத் துணியைத் தொடாது. அது எவரும் உடுத்தாத துணி.

தையல் மெஷின் நம் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக ஓடியிருக்கிறது. சீதனமாக வந்த உஷா மெஷின், தையல் பள்ளிச் சான்றிதழ், அரசு கொடுத்த இலவச மெஷின் என்று வந்த வழி எதுவானாலும், பல பெண்கள் அதில் ஊருக்கே ரவிக்கை தைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தீபாவளிக்கு ஒரே தானில் கிழித்து அண்ணனுக்கும் தம்பிக்கும் சட்டை, தங்கைக்குப் பாவாடை, மீதியில் தலையணை உறை என்று தைத்த கைகள் பல இன்னும் நம்மோடு இருக்கின்றன. அவர்களைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதியிருக்காது. இப்போது ரெடிமேட் வந்து மெஷின்கள் மூடிக் கிடக்கின்றன. இந்தத் தலைமுறையோடு அந்த மிச்சத் துணியும் நின்றுவிடும்.

உங்கள் அம்மாவோ அத்தையோ சித்தியோ அப்படித் தைத்தவராக இருந்தால், போர்வை தைப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிடைக்கிற ஒவ்வொரு துண்டையும் காட்டி, யாருக்கு, எந்த வருஷம், என்ன தைத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு வெள்ளைப் பருத்தி நாடாவில் அழியாத மையால் எழுதி அந்தத் துண்டோடு தைத்துவிடுங்கள். உடுத்தியவர் பெயருக்கு முன்னால் தைத்தவர் பெயரை எழுதுங்கள்.